நாற்பத்தேழாம் பீப்பாய்

டல்லாஸ் மாப்பிள்ளை பாண்டியராஜன் பெண் பார்க்க வந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவன், இந்தத் தடவை பாட்டிலோடு வந்திருந்தான். ஐந்து மணிக்குள் கிருஷ்ணப்ரியா சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் அவளுக்காக எப்போதோ சரி சொல்லி முடித்திருந்தார்கள்.

பாட்டில் அவள் அண்ணன் கிருஷ்ணகுமாருக்குப் பரிசு. சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் மாடி அறைக்குப் போனார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். அமெரிக்க மாப்பிள்ளை அல்லவா, தெரியாத மாதிரி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். உள்ளூர்க் கயத்தாற்றுக்காரன் எவனாவது இதைச் செய்திருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பார்.

மாடியிலிருந்து தண்ணீர் கேட்டார்கள். அம்மா அவசரத்தில் கையில் திணித்த செம்போடு கிருஷ்ணப்ரியா ஏறிப்போனாள்.

அது பர்பன் விஸ்கியாம். சோளத்தில் வடிப்பதாம். பல பீப்பாய்களைக் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பியதாம். நாற்பத்தேழு என்று பீப்பாய் எண்ணைக் கையால் எழுதியிருந்தது. பாண்டியராஜன் கிளாசைச் சுழற்றினான், மூக்கை உள்ளே விட்டான், கண்ணை மூடினான். வெல்லப்பாகு, கருகின மரம், வறுத்த கடலை என்று போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான். கிருஷ்ணப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கடலைமிட்டாய்க் கம்பெனியில் ருசி பார்த்து அனுப்புகிற வேலையில் அவள் ஆறு வருஷமாக இருக்கிறாள். பாகு ஒரு கொதி கூடிப்போனால் வாசலில் வரும்போதே சொல்லிவிடுவாள். என்ன வேலை பார்க்கிறாய் என்று இந்த மகராசன் இன்றுவரை கேட்கவில்லை.

நாக்கைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வாய் என்று சொல்லி, அவன் செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தான். அப்போதுதான் அவள் செம்பைக் கவனித்தாள். அது வாசலில் கால் கழுவ வைத்திருந்தது. கரிசல் மண்ணுக்கடியிலிருந்து வருகிற போர்வெல் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, ஆடுகூட ஒரு வாய் வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

துப்பிவிடுவான், மன்னிப்புக் கேட்டு வேறு கொண்டுவரலாம் என்று நின்றாள். அவன் துப்பவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. விஸ்கியை ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். முகம் மலர்ந்தது.

“இப்பத்தான் மச்சான் முழு ருசியும் தெரியுது. கடல் உப்பு. இது எல்லா பீப்பாய்லயும் வராது.”

“அங்கன பக்கத்துல கடல் இருக்கா?” என்று கேட்டாள் கிருஷ்ணப்ரியா.

கடல் ரொம்ப தூரம்தான், ஆனால் நல்ல மரம் காற்றிலிருந்தே உப்பை உறிஞ்சிக்கொள்ளும், பழகாத நாக்குக்கு இதெல்லாம் பிடிபடாது என்று அவன் விளக்கினான். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று போட்டான்.

காலிச் செம்போடு அவள் படியிறங்கும்போது அண்ணனிடம் அவன் சொன்னது காதில் விழுந்தது.

“உங்க தங்கச்சி பரவால்ல மச்சான். எழுபது போடலாம். அங்க வந்து பழகினா எழுபத்தஞ்சு.”

அண்ணன் சிரித்தான். கோபம் வரும் என்று நினைத்தாள். கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஆள் இல்லை.

ஐந்து மணிக்கு அம்மா சுந்தரம்மாள் அடுப்படிக்கு வந்தாள். “அவிய காத்திருக்காவ. ஏட்டி, என்ன சொல்லுத?”

கிருஷ்ணப்ரியா காலிச் செம்பை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

“இந்தத் தண்ணிய முழுசாக் குடிச்சிட்டு, கடல் உப்புன்னு தொண்ணூத்தி மூணு போட்டாரும்மா. எனக்கு எழுபது போட்டிருக்காரு. வேண்டாம்.”

அம்மா செம்பைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று அவளே சொன்னாள்.