கீழேயிருந்து தெரியாத உச்சி

ஆஸ்லாக் கிராநூட் மலையின் உச்சியில் நின்றபோது மூடுபனி கண்ணை மறைத்தது. ஆனாலும் அவளும் வழிகாட்டி எம்ப்ரிக்கும் கை சிவக்கக் கல் சுமந்து, ஆளுயரத்துக்குக் கற்குவியல் ஒன்றை எழுப்பிவிட்டுத்தான் இறங்கினார்கள். ரயில் இன்னும் எட்டிப்பார்க்காத அந்த நார்வேப் பள்ளத்தாக்கில் மலையேறியதற்குக் கற்குவியல்தான் சாட்சி. கீழேயிருந்து பார்த்தால் அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் வானம் வெளுத்தது. விடுதிக்காரர் டோர்கெல் தன் தொலைநோக்கியை முற்றத்தில் நாட்டினார். ஊரே வரிசையில் நின்று பார்த்தது. கிராநூட் மலை மொட்டையாக நின்றது.

"பனியில ஏதோ ஒரு மேட்டுல கல்லடுக்கிட்டு வந்துட்டீங்க அம்மணி. போகுது, கஞ்சி குடிங்க" என்றார் டோர்கெல்.

எம்ப்ரிக் சத்தியம் செய்தான். கூலி வாங்கினவன் வேறெப்படிப் பேசுவான் என்று சிரித்தார்கள். ஆஸ்லாக் பாலேட்டுக் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பெண்பிள்ளை மலையேறிய கதையை அச்சிட வேண்டுமானால் உள்ளூர்ச் சாட்சியாக டோர்கெல் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும் என்று தலைநகரப் பத்திரிகை ஆசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். குளிர்காலம் முழுக்க அவள் மனதுக்குள் எழுதிப் பார்த்த கட்டுரை அது. அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"அப்ப நீங்களே ஏறி வந்து பாருங்க அண்ணே. முழங்கால் வலின்னா சொல்லுங்க, விட்டுடறேன்."

ஊர் முன்னால் கேட்டுவிட்டாள், இனி நழுவ முடியாது. டோர்கெலின் மனைவி படு உற்சாகமாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொடுத்தாள்.

வழியில் டோர்கெல் திட்டாத கல் இல்லை. ஒருவழியாக, சமையலறை ஜன்னலிலிருந்து வாழ்நாளெல்லாம் பார்த்த அந்த முனையை எட்டி நிமிர்ந்தார். பின்னால், ஒரு பிளவுக்கு அப்பால், இன்னும் உயரமாக இன்னொரு உச்சி நின்றது. அதன் தலையில் கற்குவியல்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதத்தான் மலைன்னு நெனச்சிட்டிருந்தோம். இது வெறும் மூக்கா?" என்றார்.

பிறகு அங்கேயே குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினார். எதற்கு என்று கேட்டாள் ஆஸ்லாக்.

"நான் இவ்வளவு தூரம் ஏறினேன்னு எவன் நம்புவான்? என் பொண்டாட்டியே நம்பமாட்டா."

கீழே துப்பாக்கி வெடித்து வரவேற்றார்கள். தொலைநோக்கியில் டோர்கெலின் கற்குவியல் பளிச்சென்று தெரிந்ததாம். கிராநூட்டில் முதலில் ஏறியவர் எங்கள் ஆள் என்று அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், ஆஸ்லாக்கின் கட்டுரை அடுப்புக்குப் போய்விடும். தோளில் இருந்தபடியே டோர்கெல் மீசை நனைய ஒரு மடக்கு பீர் குடித்தார்.

"எறக்கி விடுங்கடா. அது மூக்கு. உச்சி அதுக்குப் பின்னால இருக்கு. அங்க ஏறிக் கல்லடுக்கினது இந்த அம்மணி. பத்திரிகைக்காரனுக்கும் அதத்தான் சொல்லப் போறேன்."

தூக்கியவர்கள் அவரை இறக்கிவிட்டார்கள்.

"மூச்சு வாங்கினா ஒரு மலை ரெண்டாத் தெரியும் மாமா" என்றான் ஒருவன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டோர்கெல் முகம் சிவக்க, ஒவ்வொருவனாகப் பிடித்து நாளைக்கே மேலே வரச்சொல்லிக் கத்தினார். ஒருவன்கூட நம்பவில்லை.

ஆஸ்லாக் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.