கேட்டவர்களுக்கு ஒரு பங்கு

இரண்டாம் சுற்றுப் புற்றுநோய் மருந்து ஏறிய மறுநாள் காலையில் குமட்டல் நோயாளிக்கு வரவில்லை. ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் டயர் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணனுக்கு வந்தது. கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவர் சாக்கடை ஓரம் ஓடிப்போய்க் குனிந்தார். பஞ்சர் ஒட்ட வந்த லாரிக்காரர் ஒருவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அதே நேரம் இங்கே அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொல்லி, வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டைத் தின்றாள். முந்தின நாள் மாலை அண்ணன் போனில், “ஒளிக்காம சொல்லு மாப்ள, எப்படி இருக்கா?” என்று கேட்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒளிக்காமல் சொல்லியிருந்தான்.

முதல் சுற்றில் இப்படி எதுவும் நடக்கவில்லை. அப்போது அவன் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் குரூப்பில் ஒரே செய்தியைப் போட்டிருந்தான்: சிகிச்சை தொடங்கியது, லேசான சோர்வு, அனைவரின் அன்புக்கும் நன்றி. ஏற்றிக்கொண்டு போக அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை. பதிலுக்குக் கூப்பிய கைகளும் பூங்கொத்துப் படங்களும் வந்து குவிந்தன. அவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த வாரம் முழுவதையும் தானே அனுபவித்தாள்.

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளோடு வேலை பார்த்த இளையவள் ஒருத்திக்குக் கிளட்ச் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாணவர்களிடம் நாள் முழுக்க அவள் கத்துவது அந்த ஒரு வார்த்தையைத்தான். கிளட்ச் ஒருநாள், “அக்காவுக்கு வாய் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டாள். இரும்புச் சாவியை நாள் முழுக்கச் சப்பினால் எப்படியோ அப்படி என்றான் அவன். மறுநாள் கிளட்ச் குடித்த டீயில் இரும்பு கரைந்திருந்தது. நோயாளி ஆரஞ்சுப் பழம் இனிக்கிறது என்றாள். இதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யார் கேட்டு, யாரிடம் விவரமாகச் சொல்லப்படுகிறதோ, சொன்னது நோயாளியை விட்டு அவரிடம் போய்ச் சேரும். ‘பரவாயில்லை’, ‘ஏதோ போகுது’ போன்றவை எங்கும் போகாமல் வீட்டிலேயே தங்கிவிடும்.

அடுக்குமாடிகளின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் உட்கார்ந்துதான் அவன் ஆளுக்கொரு குரல் பதிவு அனுப்புவான். எந்தப் பெட்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பது அவன் தொழில். அதே கணக்கில்தான் இதையும் பிரித்தான். அண்ணன் திடகாத்திரமானவர், அவருக்குக் குமட்டல். கிளட்சுக்கு வாய்க்கசப்பு. இதய மாத்திரை சாப்பிடும் சித்திக்கு மண்டையரிப்பு மட்டும். குடும்பத்தில் ஒலிபெருக்கி என்று பெயரெடுத்த அந்தச் சித்தி, அதைத் தெரு முழுவதும் சொல்லித் தீர்த்தாள். ஒரு பிற்பகல் முழுக்க அந்தத் தெருவே லேசாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. பேன் மருந்து விற்றவருக்கு நல்ல வியாபாரம்.

அவனுக்கு மட்டும் எதுவும் இறங்கவில்லை. அவளும் சொல்லித்தான் பார்த்தாள். ஆனால் மருத்துவர் பரிசோதனை முடிவைச் சொன்ன நாளிலேயே அவன் மரத்துப்போயிருந்தான். லிஃப்ட் கதவில் விரல் மாட்டினால்கூட, சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். “என்ன தைரியம் பாரு இவருக்கு” என்று பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நான்காம் சுற்றுக்குள் கேள்வி மாறியது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவரவருக்குக் கடை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், வாந்தி எடுக்க முடியாத நாட்கள் இருந்தன. “எப்படி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “எல்லாம் நல்லபடியா போகுதுல்ல?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. கிளட்ச் மட்டும் பழையபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கூடவே கால் அசதியையும் வாங்கிக்கொண்டதில், ஒரு நாற்சந்தி நடுவில் பிரேக் மிதிக்கக் கால் எழாமல் மாணவனோடு சேர்ந்து விளக்குக் கம்பத்தில் போய் முட்டினாள். அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்று நோயாளியே தடை போட்டுவிட்டாள்.

கடைசிச் சுற்று மருந்து கடுமையானது. எலும்புக்குள் யாரோ திருகாணி முடுக்குவதுபோல அவள் துடித்தாள். அவன் மோட்டார் அறையிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டான்.

“சொல்லு மாப்ள. எல்லாம் நல்லபடியாத்தானே?”

“இல்ல மச்சான். எப்படின்னு கேளுங்க.”

அந்தப் பக்கம் காற்றடிக்கும் இயந்திரத்தை அவர் நிறுத்தினார். “கடைக்குத் தனி ஆளு மாப்ள நான். போன தடவை படுத்தது எழுந்திரிக்க ஒரு வாரம் ஆச்சு. தப்பா எடுத்துக்காத.”

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் எடுத்துக்கொள்ளவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். திரைச்சீலை வழியாகப் பிற்பகல் வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் தலையணையின் முனையைப் பல்லில் கடித்திருந்தாள்.

“யாராவது கேட்டாங்களா?”

“சித்தி. நல்லபடியா போகுதுல்லன்னு.”

“நீங்க?”

“ஆமான்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது விலாவில் குத்தியது. “சரி, உங்களை யாராவது கேட்டாங்களா?”

“என்னன்னு?”

“நீங்க எப்படி இருக்கீங்கன்னு.”

“எனக்கென்ன, நான் நல்லா…”

“குரூப்புக்குப் போடுற மாதிரி போடாதீங்க. விவரமா சொல்லுங்க.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னான். சாப்பாடு வாயில் காகித அட்டையாக இருப்பதைச் சொன்னான். முடிவு தெரிந்த நாளில் மருத்துவரின் பேனா மூடியில் இருந்த பல் தடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னான். அவள் கத்தும்போது நாலு மாடி கீழே யாரோ கத்துவதுபோல் கேட்பதைச் சொன்னான். நீ செத்துப்போனாலும் நான் எழுந்துபோய் டம்ளரைக் கழுவி வைப்பேன் என்று தோன்றுகிறது என்றான். வெட்கமும் மரத்துப்போயிருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது.

அவளுக்கு அந்த மரமரப்பு கால் விரலில் தொடங்கி மேலே ஏறியது. தொடையைக் கிள்ளிப் பார்த்தாள், பிறகு விலாவை. “வந்துடுச்சு,” என்றாள், பார்சல் வாங்கிக்கொண்டவள்போல. தலையணையை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவனுக்கு முதலில் தரை குளிர்ந்தது. பிறகு, இத்தனை மாதமாக அவள் சொல்லியும் இறங்க இடமில்லாமல் வெளியே நின்றிருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முதல் சுற்றின் குமட்டல் வந்தது, முடி உதிர்ந்த நாள் வந்தது, எலும்புக்குள் திருகாணி வந்தது. இருட்டும்வரை அவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்தான். கீழ்வீட்டுக்காரர் வந்து, தண்ணீர் வீணாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். வலி குறைந்திருந்தது, தவிர, அண்ணன் பழங்களோடு வந்து நின்று அழுதபோது அவளால் சேர்ந்து அழ முடியாமல் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்குத் தேவையோ அவர் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. அவன் இருபது மாடி லிஃப்ட் குழிக்குள் இறங்கும் நாட்களில் அது கட்டாயம் அவளிடம் இருக்கும், அவனுக்கு விரல் முக்கியம். மருந்து முடிந்து முடி சுருளாக வளர்ந்தது. அவள் மறுபடி வேலைக்குப் போனாள். கிளட்ச் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் வெட்கத்தோடு பழைய கேள்விக்குத் திரும்பினார். அப்போது சொல்வதற்கு ஜலதோஷம்தான் இருந்தது, அதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து ஸ்கேனில் சந்தேகமாக ஒரு புள்ளி தெரிந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாளில் மருத்துவர் முதலில் அவள் உள்ளங்காலை ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார்.

“தெரியுதாம்மா?”

“இல்ல டாக்டர்.”

“இங்க? இது அந்த மருந்தால வர்றதுதான்…”

“மருந்தால இல்ல டாக்டர். இது அவரோடது. இன்னிக்கு முடிவு வருதேன்னு நான் வாங்கி வெச்சிருக்கேன்.”

மருத்துவர் ஊசியைத் தட்டில் வைத்தார். “அவர் எங்க?”

“வெளியில அழுதுட்டு இருக்கார்.”

“அப்போ நான் முதல்ல யார்கிட்ட சொல்லட்டும்?”

அவள் காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். “அவர்கிட்டயே சொல்லுங்க. இன்னிக்கு அவருக்குத்தான் உறைக்கும். விவரமா சொல்லுங்க.”

மருத்துவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.