இஷாவுக்குப் பிறகு

ரஸ்னா பெட்டியை வாசலில் இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓவியக்கூடத்தின் படிகளில் ஏறினாள். ஓவியம் பார்க்கும் மனநிலை இல்லை. விமானம் மாலையில்தான்; அதுவரை விடுதி அறையில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்ததிலிருந்து தினமும் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகிறாள், உள்ளே நுழைந்ததில்லை. மலேசியாவில், சித்தியவானில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அத்தா, நேற்று தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

மாடியில் ஒரு பெரிய ஓவியம். மரமேசையில் மீன்கள், பக்கத்தில் பாதி உரித்த எலுமிச்சை. அத்தாவாக இருந்தால் மீனின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார். ‘கண்ணு உள்ள போயிருச்சு. பழைய மீனும்மா, வேணாம்’ என்று நகர்ந்துவிடுவார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தா விழித்ததும் காட்டலாம் என்று கைப்பேசியை உயர்த்தியபோது திரையில் அண்ணன் தல்ஹாவின் பெயர் வந்தது.

“ரஸ்னா... அத்தா மௌத்தாயிட்டாங்க. இப்பத்தான்.”

அவள் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்குதா? இஷா தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்றாங்க. அம்மா ஒன்னய கேக்கச் சொன்னாங்க. நீ வர்ற வரைக்கும் வைக்கணும்னா வைக்கலாம். சொல்லு லா.”

“நாளைக்கு ராத்திரி வந்துருவேண்ணே.”

“தெரியும்.”

வையுங்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அத்தா. வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருந்த வீடுகளில், ‘மையத்தக் காக்க வைக்காதீங்கப்பா’ என்று சத்தம் போட்டவர்.

“வைக்க வேணாம்ணே,” என்றாள்.

அழைப்பு முடிந்தது. எப்படிச் சொன்னேன்? ஒரு ராத்திரி, ஒரு பகல், அவ்வளவுதானே? திரும்ப அழைத்தாள். தல்ஹா எடுக்கவில்லை. அம்மாவின் கைப்பேசி அணைந்திருந்தது. கடைக்கு அழைத்தாள், மணி அடித்து ஓய்ந்தது. ஒவ்வொரு அறையாக நடந்துகொண்டே அழைத்தாள். சுவரெங்கும் யார் யாரோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் தாண்டியபோது தல்ஹாவே வீடியோவில் வந்தான்.

“அண்ணே, நிறுத்துங்க, நான் வந்து...”

“கபன் போட்டாச்சு ரஸ்னா. மொகத்த மூடப் போறாங்க. பாத்துக்க.”

வெள்ளைத் துணிக்கு நடுவில் அத்தாவின் முகம். மூக்கில் பஞ்சு. நெற்றியைத் தொடுவதுபோல் அவள் திரையைத் தொட்டாள். படம் கை பட்டு நகர்ந்து பெரிதாகி, வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். தன் வாயிலிருந்து சத்தம் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

காவலாளிப் பெண் ஒருத்தி வேகமாக வந்தாள். திரையைப் பார்த்ததும் நின்றாள். பிறகு திரும்பி, வருகிறவர்களை வேறு அறைக்குப் போகச் சொல்லிக் கைகாட்டத் தொடங்கினாள்.

தல்ஹா போனை அணைக்காமலே அத்தாவின் ஜனாஸாவுடன் நடந்தான். சட்டைப் பையிலிருந்து தெருவும் தோள்களும் ஆடி ஆடித் தெரிந்தன. தொழுகைக்கூடமான சூராவின் படியில் யாரோ போனை வாங்கி எங்கோ சாய்த்து வைத்தார்கள். வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான செருப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளேயிருந்து தொழுகையின் தக்பீர் கேட்டது. அத்துடன் படம் உறைந்தது. ரஸ்னா தரையில் உட்கார்ந்து, அசையாத அந்தச் செருப்புகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.