சீனுவின் குரல்

கால்பந்து அரையிறுதிக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிஃபென்ஸைப் பற்றித்தான் பேச்சு.

போன ஆட்டத்தில் எதிரணி ஃபார்வர்டு மூன்று முறை தாண்டி ஓடிவிட்டான். இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் பேக் சீனு "அப்" என்று கத்தியதும் டிஃபென்ஸில் நால்வரும் ஒன்றாக முன்னே ஏறி, அவனை ஆஃப்சைடில் மாட்டிவிட வேண்டும். மூன்று முறையும் என் அண்ணன் லாயிட் பின்தங்கினான்.

"நீ கத்தவேயில்ல மச்சா. நாளைக்கு பெஞ்சுல உக்காரு" என்றான் சீனுவிடம் கேப்டன் டேரில்.

"கத்துனேன்பா! தொண்டையே போச்சு."

"பக்கத்துல நின்ன லாயிட்டுக்கே கேக்கலயே?"

சொல்லாதே என்பதுபோல் லாயிட் என்னைப் பார்த்தான். நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"சீனு கத்துனாரு. கேலரியில எனக்கே கேட்டுது. அண்ணனுக்கு இடது காது கேக்காது."