உக்கிரபாண்டியைப் பார்க்கிற உயரம்

1943ஆம் வருஷம் ஆடி மாதம் தொடங்கி, நாகமலை புதுக்கோட்டையில் கமலை இறைக்கிற உக்கிரபாண்டியை யார் பார்த்தாலும் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஆள் குள்ளமாகிவிடவில்லை, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அப்படியேதான் இருந்தது. நம்பாத சிலர் அவனை மலைமேல் ஏறச் சொல்லிவிட்டு அடிவாரத்தில் நின்று பார்த்தார்கள். அண்ணாந்தால் வெறும் பாறைதான் தெரிந்தது. குனிந்தால், தங்கள் காலடிக்குப் பக்கத்தில், உச்சிப்பாறைமேல் நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. அந்த வருஷம் மழையும் சுமார்தான்.

அவனுக்கு வலது கால் சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிப்போனது. அதனால் தொழிலுக்குப் பாதகம் ஒன்றும் இல்லை. கமலை என்பது இரண்டு மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தோல்பையில் இழுக்கிற வேலை. மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்வான். மாடு பின்னுக்கு ஏறும்போது கூடவே விந்தி விந்தி ஏறுவான். அவன் மனைவி ஒச்சாயி மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்புவாள். தண்ணீர் மெலிந்தால் அங்கிருந்தே வைவாள். மெயின்ரோடு வரைக்கும் கேட்கும். அவன் காலையும் அவள் விட்டுவைத்ததில்லை, அவன் வம்சத்தையும் விட்டுவைத்ததில்லை. அவனும் அவள் மூக்கையும் கூடப் பிறந்தவர்களையும் பதிலுக்கு இழுப்பான். இப்படி வைதுகொண்டேதான் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். இது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி.

அந்த மாசியில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து பொட்டலில் கூடாரம் போட்டது. கதையில் ஜமீன்தார் மகனுக்குக் கால் விளங்காமல் போய்விடும்; வெயிலில் தன்னந்தனியாக நடந்து போகவேண்டும். வேஷம் கட்டிய நடிகர் நல்ல பாட்டுக்காரர். ஆனால் ஒரு தரம் வலது காலை இழுத்தால் அடுத்த தரம் இடது காலை இழுத்தார். கடைசியில் அவருடைய ஜரிகை வேட்டியை உக்கிரபாண்டிக்குக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னார்கள். முகம் தெரிந்தால் குட்டு உடைந்துபோகும் என்று, காமிராக்காரர் வெள்ளைத்துரை பனங்கட்டைகளால் உயரமாகச் சாரம் கட்டி, அதன் உச்சியிலிருந்து எடுத்தார். படத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் பொட்டல், நடுவில் எறும்பு கணக்காக ஒருவன் இழுத்து இழுத்துப் போகிறான், பின்னால் பிடில் அழுகிறது. பக்கத்து ஊரான பரவையில், டெண்டுக் கொட்டகையில் ஆடி மாதம் அது ஓடியபோது மணலில் உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். தன் புருஷன்தான் என்று தெரிந்திருந்தும் ஒச்சாயியும் சிந்தினாள். வெளியே வந்து, மாட்டுவண்டியின்மேல் காத்திருந்தவனைக் குனிந்து பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் வையவில்லை. தண்ணீர் மெலிந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பாவம் பாவம் என்று கன்னத்தைத் தடவினாள். பிறகு தன் தம்பி சுருளியைக் கூட்டிவந்து கமலையில் நிறுத்திவிட்டு, இவனைப் புளியமரத்து நிழலில் கட்டில் போட்டு உட்காரவைத்தாள். சோற்றைக்கூடப் பிசைந்து கொடுத்தாள். கால் சூம்பியபோது அழாத உக்கிரபாண்டி, அந்தப் பிசைந்த சோற்றைப் பார்த்து அழுதான். அதைக் கண்டு அவளுக்கு இரக்கம் இன்னும் பொங்கியது. சுருளியோ பாதிப் பாதிப் பையாக இழுத்தான். கத்தரி வாடியது.

உக்கிரபாண்டி வண்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் வெள்ளைத்துரையைப் பிடித்தான். அவரும் குனிந்துதான் பார்த்தார், பார்த்ததுமே தன் கைவேலை என்று புரிந்துகொண்டார். நல்ல மனிதர். மேலேயிருந்து எடுத்து வந்த வினை கீழேயிருந்து எடுத்தால் தீர்ந்துவிடும் என்றார். யுத்தத்தால் பிலிமுக்குத் தட்டுப்பாடு. மிச்சம் கிடந்த துண்டைக் கொண்டுவந்து, தோட்டத்தில் குழி வெட்டி, அதற்குள் இறங்கி, அவன் சாட்டையோடு நிற்பதை வானத்தோடு சேர்த்து எடுத்தார். பரவையில் படத்தின் வாலில் ஒட்டி ஓட்டினார்கள். மறுநாள் ஊரே அவனை அண்ணாந்து பார்த்தது. கட்டிலில் படுத்திருந்தாலும் அண்ணாந்துதான். இந்தக் காலை வைத்துக்கொண்டு கமலை இறைத்தவன் மனுஷப்பிறவியே இல்லை என்று தேங்காய் உடைத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள். அப்பேர்ப்பட்டவன் மாட்டுச் சாணியை மிதிக்கலாமா என்று கமலைப் பக்கம் மட்டும் விடவில்லை. ஒச்சாயி அவனைச் சாமி என்று கூப்பிட்டு, எட்ட நின்று சோறு வைத்தாள். பாவமாக இருந்தபோது கன்னத்தையாவது தொட்டாள், இப்போது அதுவும் போயிற்று.

பலன் என்ன என்று வெள்ளைத்துரை நேரில் பார்க்க வந்தார். காமிராவை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே அவருக்குக் கழுத்து வலித்தது. உக்கிரபாண்டி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மேல இருந்து எடுத்தீக, பாவங்குறா. கீழ இருந்து எடுத்தீக, சாமிங்குறா. எனக்கு ரெண்டும் வேணாம்ண்ணே. எம்பொண்டாட்டி என்னைய வையணும். அதுக்குக் காமிராவ எங்கிட்டு வைக்கணும்?"

வெள்ளைத்துரை கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"நேருக்கு நேராத்தான் வைக்கணும், தம்பி. ஆனா அதுக்கு எவனும் டிக்கெட்டு வாங்கமாட்டான்."

பிலிமும் கையில் இல்லை. இருந்தாலும் வந்ததற்கு ஆகட்டும் என்று, வெறுங்காமிராவைத் தோட்டத்தில், ஒச்சாயி வழக்கமாக நிற்கிற பாத்தியில், அவள் கண் உயரத்துக்கு நிறுத்தினார். உக்கிரபாண்டி சுருளியை இறக்கிவிட்டுக் கமலையில் ஏறினான். சாமியைக் காமிராத் துவாரம் வழியாகப் பார்த்தால் குற்றமாகிவிடும் என்று ஒச்சாயி பின்வாங்கினாள். ஒரு தரம் பார்த்துவிடும்மா, பிறகு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று வெள்ளைத்துரை கெஞ்ச, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

துவாரத்துக்குள் வானமும் இல்லை, பொட்டலும் இல்லை. ஒரு கிணறு, இரண்டு மாடு, ஒரு ஆள். அந்த ஆள் மாட்டோடு விந்தி விந்தி ஏறினான், மேலே போய் மூக்கைச் சொறிந்தான், வடத்தில் உட்கார்ந்து இறங்கினான், மறுபடி ஏறினான். அவளுக்கு அழுகை வரவில்லை, கும்பிடவும் தோன்றவில்லை. வேறு வேலை இல்லாததால் அவள் கண் அவனை விட்டுத் தோல்பைக்குப் போனது. அங்கே நின்றது. துவாரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே கத்தினாள்.

"ஏய்யா, கண்ணு அவிஞ்சா போச்சு? பை கிழிஞ்சு பாதித் தண்ணி கெணத்துக்குள்ளயே ஊத்துது. நீ என்னமோ மாப்ள ஊர்வலம் போற மாதிரி உக்காந்து வர்ற?"

உக்கிரபாண்டி மாட்டை நிறுத்திவிட்டு வடத்திலிருந்து இறங்கினான். பிறகு, பையைத் தைக்காமல் விட்டது உன் தம்பிப்பயல்தான் என்று ஆரம்பித்து, அவள் கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராக இழுத்தான். மெயின்ரோடு வரைக்கும் கேட்டது. வெள்ளைத்துரை காமிராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சொன்னபடி அந்தப் பக்கம் பிறகு வரவே இல்லை.

மற்றவர்கள் கழுத்து மாறவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அப்படித்தான். முதல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் குனிந்தார்கள், வால் ஒட்டிய பிறகு பார்த்தவர்கள் அண்ணாந்தார்கள். பரவைச் சந்தையில் அவன் கத்தரிக்காய் கொண்டுபோய் நின்றால், ஒருத்தன் தரையைப் பார்த்தும் அவனை ஒட்டி நிற்பவன் ஆகாயத்தைப் பார்த்தும் விலை கேட்பார்கள். இரண்டு பேருக்கும் அவன் ஒரே விலைதான் சொல்வான். இதைப் பற்றி யாரும் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். சந்தை முடிந்து வீடு திரும்பினால் ஒச்சாயி வாசலில் நிற்பாள். எதிரே வந்து நிற்கிறவனின் கண்ணைப் பார்த்து, இம்புட்டு நேரம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்பாள்.