இருநூற்று முப்பத்து மூன்று வாக்கு

கெடு முடிய அன்று ஒரு நாள்தான் பாக்கி. நைரோபி நாடாளுமன்றத்தின் உணவகத்தில் நசியேகு லெனயாராவின் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பகல் பன்னிரண்டுக்குக் கொடுத்த திருத்தப் பட்டியலை அவள் மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மேய்ச்சல் நிலங்களை அந்தந்தச் சமூகத்தின் பெயரில் பதியும் சமூக நில மசோதாவை இத்தனை ஆண்டுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று அரசியலமைப்பே கெடு வைத்திருந்தது. சபை இழுத்தடித்துக் கடைசி நாளுக்கு வந்து நின்றது. இனி இரண்டே வழி. இன்று மாலைக்குள் மசோதாவை நிறைவேற்றியாக வேண்டும். இல்லையென்றால் கெடுவை ஒரு வருடம் நீட்டத் தீர்மானம் போட வேண்டும். நீட்டிப்பு ஒரே முறைதான். அதற்கும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருநூற்று முப்பத்து மூன்று பேர் எழுந்து 'ஆம்' சொல்ல வேண்டும்.

நசியேகு வடக்கே சம்புரு மேய்ச்சல் நிலத்திலிருந்து முதல் முறையாக உறுப்பினராகத் தேர்வாகி வந்தவள். மூன்று வாரத்துக்கு முன் தன் ஊரான லொருமோக்கியின் சந்தையில் நின்று, இன்னொரு நாள் தவணைக்குக்கூட வாக்களிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். வானொலி அதைக் காலையிலும் ஒலிபரப்பியது. தன்னையும் சேர்த்து வடக்கத்தி உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரை அதே முடிவுக்குத் திரட்டியவளும் அவள்தான். அந்தப் பன்னிரண்டு பேர் இல்லாமல் நீட்டிப்பு தேறாது என்று கொறடாக்கள் காலையிலேயே கையை விரித்திருந்தார்கள்.

அவளை உலுக்கியது பட்டியலில் பதினேழாவது திருத்தம். சமூகத்தின் பெயரில் பதிவாகும் வரை அந்த நிலத்தைப் பொது நலன் கருதி அமைச்சர் குத்தகைக்கு விடலாம் என்றது அது. இரண்டே வரி. கொண்டுவந்தவர் அமைச்சருக்கு நெருக்கமான உறுப்பினர் அருசேய். நீட்டிப்பு தோற்றால் கெடுவுக்குப் பயந்து சபை எதையும் படிக்காமல் மாலையிலேயே மசோதாவுக்குக் கையைத் தூக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் தந்திரத்துக்கு நாமே ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்ததும் நசியேகு பட்டியலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சபை கூடுவதற்குள் பன்னிரண்டு பேரில் ஏழு பேரைப் பிடித்து அந்த இரண்டு வரியைக் காட்டினாள். முணுமுணுத்தாலும் ஏழு பேரும் இறங்கி வந்தார்கள். மர்சபிட் பக்கத்து கூயோ ஹலாக்கே மட்டும் மசியவில்லை. நான்காவது முறை ஜெயித்தவர் அவர். அவர் சொன்னால் மீதி மூன்று பேரும் கேட்பார்கள்.

"காலையில வேண்டாங்கிற, மத்தியானம் வேணுங்கிற. உன் பேச்சை நம்பி நானும் ஊர்ல வீராப்பா பேசிட்டு வந்துட்டேன், மெஷிமிவா," என்று 'மாண்புமிகு' என்னும் சுவாஹிலிச் சொல்லைக் கிண்டலாக இழுத்தார்.

"இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். அடுத்த வருஷமும் இதையேதான் கொண்டுவருவான்."

"அடுத்த வருஷம் எதிர்த்து நிக்க நமக்கு நேரம் இருக்கும். இன்னைக்கு இல்ல."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விவாதம் மூன்று மணிக்குத் தொடங்கியது. அருசேய் எழுந்து, இந்தச் சபை மக்களை ஏமாற்றியது போதும், தவணை கேட்க வெட்கமாயில்லையா என்று முழங்கினார். பார்வையாளர் மாடத்தில் சிலர் தலையாட்டினார்கள். பிறகு நசியேகு பக்கம் திரும்பி, லொருமோக்கிச் சந்தையில் ஒரு மாண்புமிகு உறுப்பினர் செய்த சத்தியம் இன்னும் காற்றிலேயே இருக்கிறது என்றார். சிரிப்பு கிளம்பியது.

நசியேகு எழுந்தாள். சத்தியம் செய்தது உண்மை, அதை இப்போது மீறப் போவதும் உண்மை என்று ஒப்புக்கொண்டாள். பதினேழாவது திருத்தத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு அடங்கியது. ஆனால் கூயோ தலை நிமிரவே இல்லை.

மணி அடித்தது. கதவுகள் சாத்தப்பட்டன. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடித்தபோது 'ஆம்' இருநூற்று இருபத்தொன்பது. நான்கு குறைந்தது. எதிர்ப்பு சொற்பம் என்பதால் சபை விதிப்படி மறுவாக்கெடுப்பு ஆறு மணிக்கு என்று சபாநாயகர் அறிவித்தார்.

நடைபாதையில் கூயோவை மறித்தாள்.

"என் ஊர்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்றார் அவர். "முதல்ல உன் ஊர்ல சொல்லு. அப்புறம் என்கிட்ட வா."

நசியேகு கைபேசியை எடுத்தாள். லொருமோக்கியில் ஒட்டகப் பால் விற்கும் நூன்கிஷுவைக் கூப்பிட்டாள். போன வருடம் நீர்த்துறைக்குக் குறுக்கே யாரோ வேலி போட்டபோது நாற்பது பெண்களைக் கூட்டிப்போய் அதைப் பிடுங்கி எறிந்தவள் அவள். நசியேகுவைத் தேர்தலில் நிறுத்தியதும் அவள்தான். கூயோவுக்கும் புரியட்டும் என்று நசியேகு சுவாஹிலியில் பேசினாள், ஒலிபெருக்கியையும் போட்டாள்.

"அக்கா, நான் தவணைக்குத்தான் வாக்குப் போடப்போறேன்."

மறுமுனையில் ஆடுகள் கத்தின.

"வித்துட்டியா?" என்றாள் நூன்கிஷு.

"இல்லக்கா."

"பின்ன எதுக்குடி சந்தையில எங்களைக் கை தட்ட வச்ச?"

கூயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நசியேகு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. திருத்தத்தை மட்டும் நிதானமாகப் படித்துக் காட்டினாள். நூன்கிஷு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பதிவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். வருடக்கணக்காகலாம் என்றாள் நசியேகு.

"அதுவரைக்கும் எவன் வேணா வேலி போடலாம். அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"போடு உன் வாக்கை." குரலில் கோபம் தணியவில்லை. "ஆனா ஊருக்கு வந்து நீயே சொல்லணும். உனக்காக நான் ஒருத்திகிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்."

இணைப்பு அறுந்தது. கூயோ கழிப்பறைப் பக்கம் நடந்தார். அது சம்மதமா மறுப்பா என்று நசியேகுவுக்குத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு மறுபடி பெயர்கள். கூயோவைப் பின்பற்றும் மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். முதலில் கூப்பிடப்பட்டவர் தயங்கி 'ஆம்' என்றார், கூயோ தடுக்கவில்லை. மற்ற இருவரும் சொன்னார்கள். கூயோவின் பெயர் வந்தது. பதிலில்லை. எழுத்தர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நசியேகு தாளின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பட்டியல் முடிந்தபோது இருநூற்று முப்பத்திரண்டு. அருசேய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

விடுபட்ட பெயர்களை வழக்கப்படி இன்னொரு முறை கூப்பிட்டார்கள். நான்கு பேர் சபையிலேயே இல்லை. ஐந்தாவது பெயர் கூயோ ஹலாக்கே.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆம்," என்றார். "ஊர்ல செருப்படி விழுந்தா பாதி அந்தப் பொண்ணுக்கு."

சபாநாயகர் கடைசி வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. நசியேகுவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோடு போட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை லொருமோக்கிக்குப் போனாள். சந்தையில் நூறு பேர் போல இருந்தார்கள். அவள் பேசத் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்கள் இரண்டு மணி நேரம் அவளைக் குடைந்து எடுத்தார்கள். நூன்கிஷு சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

அந்த ஒரு வருடத்தில் மசோதாவை ஆராயும் சபையின் நிலக் குழு ஒன்பது முறை கூடியது. ஒவ்வொரு முறையும் நசியேகுவும் கூயோவும் வாசலிலேயே போய் உட்கார்ந்தார்கள். நான்காவது கூட்டத்துக்கு நூன்கிஷு நாற்பது பெண்களோடு பேருந்தில் வந்து இறங்கினாள். பதினேழாவது திருத்தம் ஏழாவது கூட்டத்தில் கைவிடப்பட்டது. புதிய கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மசோதா நிறைவேறியது.

அடுத்த தேர்தலில் கட்சி நசியேகுவுக்கு வாய்ப்புத் தரவில்லை. சொன்ன சொல் தவறியவள் என்ற பெயர் அவளை விட்டுப் போகவே இல்லை. சுயேச்சையாக நின்று நானூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்றாள். முடிவு வந்த மறுநாள் நூன்கிஷு வீட்டுக்கு வந்தாள்.

"நான் உனக்குப் போடல," என்றாள். "அதை வேற யாரும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்."

நசியேகு எழுந்தாள். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

நூன்கிஷு உட்கார்ந்து, துணிக்குள்ளிருந்து நிலப் பதிவு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பன்னிரண்டு பக்கம்.

"இதுல எங்கெங்க என்ன எழுதணும்னு சொல்லு," என்றாள்.