ஒரே மாதிரி இரண்டு கார்டுகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரெல்லாம் சோறு தின்றுவிட்டுக் குறட்டை விடும்போது பகவதிப்பெருமாளுக்கு மட்டும் கை சும்மா இருக்காது. வாரம் முழுக்க ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிற மனிதர். லீவு கிடைத்தால் நாலு பேரைப்போலச் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கலாம். போகமாட்டார். யாரோ தூக்கிப்போட்ட லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தை ஏற்றுவார். கம்பெனியே கைகழுவிய பழைய போனில் லினக்ஸ் ஏற்றுவார். ஏற்றி என்ன செய்வாராம்? அடுத்த வாரம் அதை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றுவார்.

அன்றைக்கு யோகம் அவர் மனைவி ஸ்ரீப்ரியாவின் போனுக்கு. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டதாம். இவரே புதிதாக ஒன்றை ஏற்றித் தரப்போகிறாராம்.

"என் பாட்டு போச்சுன்னா நான் சும்மா இருக்கமாட்டேன், கேட்டோ?" என்றாள் போனை நீட்டும்போது.

"அதைத்தானே முதல்ல காப்பி எடுக்கப் போறேன். வெறுதே பயப்படாத."

அந்தப் பாட்டு போன நவராத்திரிக்குக் கரமனைப் பக்கம் ஒரு கோயிலில் அவள் பாடியது. அதற்குப் பிறகு தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. பேச்சு வந்தது, மேல் ஸ்தாயி திரும்ப வரவில்லை. அவளுடைய பழைய குரல் மெமரி கார்டில் கிடந்த அந்த ஒரு பதிவில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

பழவங்காடியில் ஒரு கடையில் ஒரே மாதிரி இரண்டு கார்டு வாங்கியிருந்தார். "பழைய கார்டு எப்ப வேணாலும் மண்டையப் போடும், எல்லாத்தையும் இதுக்கு மாத்திக்கோ" என்று ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றது தன் பழைய போனுக்கு, லினக்ஸ் எழுத. இப்போது அவள் போனிலிருந்த கார்டைக் கழற்றி, தன்னுடையதையும் சேர்த்து இரண்டையும் லேப்டாப்பில் செருகினார். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிற சாமர்த்தியம்! நடுவில் ஒயர் ஆடுகிறதென்று இரண்டையும் பிடுங்கித் திரும்பச் செருகினார். அங்கேதான் சனி வந்து உட்கார்ந்தது. எதை முதலில் செருகுகிறோமோ அதற்கு லினக்ஸ் முதல் பெயரைக் கொடுக்கும். பெயர்கள் இடம் மாறிவிட்டன. எழுதுவதற்கு முன் எது எதுவென்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லினக்ஸ் குரூப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர், தான் பார்க்கவில்லை. என்டரை அமுக்கினார்.

எழுதி முடிந்ததும் காப்பி எடுக்க மற்றக் கார்டைத் திறந்தார். காலி. ஒரு போட்டோகூட இல்லை. அது அவருடைய புதுக் கார்டு. அப்படியானால் லினக்ஸ் ஏறியது அவளுடையதில்.

"ஐயோ, கெடுத்தேனே!"

குரூப்பில் பழக்கமான ஷிபினை போனில் பிடித்தார். "பேடிக்கண்டா சேட்டா. ஆ கார்டில் இனி ஒண்ணும் எழுதருது" என்றான் அவன் மலையாளத்தில். பயப்படவேண்டாம், அந்தக் கார்டில் இனி எதையும் எழுதக்கூடாதாம். கார்டின் முன்பகுதிதான் அழிந்திருக்கும், மிச்சத்தைத் தோண்டியெடுக்கலாம் என்று அதற்கு ஒரு புரோகிராமும் சொன்னான். அதை ஓடவிட்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். பாதி தாண்டியும் ஒன்றும் வரவில்லை. தேங்காயைக் கூட்டினார். கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு மனசு சொன்னது. முன்னொருமுறை அவள் போனில் நம்பரெல்லாம் அழிந்தபோது கம்பெனிக்காரன் தலையில் போட்டுத் தப்பித்தவர்தான். ஆனால் இது அவள் குரல். இதில் எப்படிப் பொய் சொல்வது? எழுந்து அடுக்களைக்குப் போனார். அவள் நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்ரீ, உன் பாட்டை அழிச்சிட்டேன். கார்டு கேடு இல்ல, கம்பெனியும் இல்ல. நான்தான். பாக்காம எழுதிட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையில் அவளுடைய பழைய கார்டு இருந்தது.

"நீங்க தந்த புதுசை இன்னைக்குக் காலைலதான் போன்ல போட்டேன், அத்தான். உங்க கையில தரதுக்கு முன்னால. அதுல ஒண்ணுமே கிடையாது. பாட்டு இருக்கிற கார்டை உங்க கையில தரக்கூடாதுன்னு, போன தடவை நம்பரெல்லாம் போன அன்னைக்கே நான் தீர்மானிச்சாச்சு."

போன உயிர் திரும்பி வந்தது மனுஷனுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. "அடிப்பாவி! அந்தக் காலிக் கார்டைத் தோண்டு தோண்டுன்னு தோண்டினேனே!"

"நல்லா தோண்டுங்க. இன்னைக்கும் கம்பெனிக்காரன் மேல பழியப் போட்டிருந்தா, இதைக் கண்ணுலயே காட்டியிருக்கமாட்டேன்." சொல்லிவிட்டு கார்டை நீட்டினாள். "இந்தாங்க, காப்பி எடுங்க."

"என் கையிலயா?"

"உங்க கையிலதான். நான் பக்கத்துல இரிக்கேன்."

லேப்டாப்பிலிருந்து மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டார். பெயரைப் பார்த்தார், திரும்பப் பார்த்தார், அவளையும் பார்க்கச் சொன்னார். "போதும் அத்தான், எடுங்க" என்று அவளே சலித்துக்கொண்டாள். காப்பி முடிந்ததும் பாட்டைத் திறந்தார். பழைய குரல் மேலே ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கீழ் ஸ்தாயியில் கூடவே முணுமுணுத்தாள். பாட்டு முடிந்ததும் கார்டை அவளே கழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பழவங்காடியில் நேர்ந்த தேங்காயெல்லாம் உடைத்துவிட்டு வந்து, ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்க டப்பாவைத் திறந்தார். கார்டு அங்கே இல்லை. எங்கே வைத்தாய் என்று அவர் கேட்கவும் இல்லை.